பாயிண்ட் சார் கட்டிய ஜங்ஷன்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே வீடு கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சுவருக்குள் என்ன ஓட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் சுவரைப் பற்றியே யோசித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாயிண்ட் சார்.

அவருக்கு வேறு பெயரும் உண்டு. சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் உபயோகித்ததில்லை. எந்தப் பேச்சிலும் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, "இதுல ஒரு பாயிண்ட்டு இருக்கு" என்று ஆரம்பிப்பார். கல்யாண வீடு, இழவு வீடு என்ற பேதம் கிடையாது. ஒருமுறை மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் மூச்சுத் திணறி நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த அவர் விரலைத் தூக்கினார். "ஒரு பாயிண்ட்டு, தம்பி. இந்தக் கும்பல மூணு லைனா பிரிச்சி உட்டா, ஜல்தியா போயிடும்." அதற்குள் கூட்டம் அவரைப் பிரித்து எங்கோ கொண்டுபோய்விட்டது. தலைகளுக்கு மேலே அந்த விரல் மட்டும் வெகுநேரம் தெரிந்தது.

புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவருடைய நிஜப் பெயரை அச்சடித்திருந்தார். யாரோ எவரோ என்று நினைத்து ஆபீசில் பாதிப் பேர் போகவில்லை.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது தொண்ணூற்று மூன்றில். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகம். பழைய கட்டடம், நாங்கள் மாடியில். கீழே ஒரு டீக்கடை. இருவருக்குமே ஊர் திண்டிவனம் என்பதால் காலை ரயிலில் சேர்ந்து போய், மாலை ரயிலில் சேர்ந்து திரும்புவோம். எனக்கு அவர் மேலதிகாரி. ஆனால் ஜன்னலோர சீட்டுக்கு என்னோடு போட்டி போடுவார்.

டீ சொல்ல ஒவ்வொரு முறையும் படியிறங்கிப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நைலான் கயிற்றுச் சுருளோடு வந்தார். தன் மேஜைக் காலில் ஒரு முனையைக் கட்டி, ஜன்னல் வழியாக விட்டு, கீழே டீக்கடைத் தகரத்தில் மறுமுனையைக் கட்டினார். அந்த முனையில் மாட்டு மணி ஒன்று. ஒரு இழுப்பு என்றால் டீ. இரண்டு இழுப்பு என்றால் காபி. விடாமல் இழுத்தால் வடை. ஒரு வாரத்தில் ஆபீஸ் முழுக்க அந்தக் கயிற்றுக்கு அடிமையானது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தணிக்கைக்கு வந்தார். வெளியே மழை. ஈரக் குடையை எங்கே மாட்டுவது என்று பார்த்தவர், ஜன்னலோரம் விறைப்பாக நின்ற கயிற்றைக் கண்டு அதில் மாட்டினார். காற்றில் குடை ஆட ஆரம்பித்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எழுந்து போய்க் குடையை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சற்று நேரத்தில் டீக்கடைக்காரர் இரண்டு கையிலும் தட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சார், கடையில கீற வடை அம்புட்டும் இதான். மணி நிக்கவே மாட்டேங்குது. இன்னும் வோணும்னா மாவு அரைக்கணும்."

அதிகாரி எங்களைப் பார்த்தார். பாயிண்ட் சார் எழுந்து நின்று விரலைத் தூக்கினார்.

"சார், ஒரு பாயிண்ட்டு. லைன் நல்லாத்தான் வேலை செய்யுது. பேசினது குடை."

அதிகாரி சிரித்துவிட்டார். வடையையும் சாப்பிட்டார். தணிக்கை சுமுகமாக முடிந்தது. பாயிண்ட் சாருக்கு அன்று ஒரு எண்ணம் அழுத்தமாகப் பதிந்தது. இரண்டு இடங்களை இணைத்துவிட்டால் அதற்கப்புறம் நல்லதுதான் நடக்கும் என்று.

சில வருஷங்கள் கழித்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. இணைக்க வந்த ஆள் ஒரு கறுப்புக் கேபிளை எடுத்து முதல் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று பூச்சரம் தொடுப்பது போலத் தொடுத்துவிட்டுப் போனார். முதல் நாள் பிரமாதம். இரண்டாம் நாள் காலையில் ஆபீசைப் பெருக்கிய அம்மாவின் துடைப்பம் ஏதோ ஒரு மேஜைக்கடியில் ஏதோ ஒரு இணைப்பைத் தட்டிவிட்டது. அவ்வளவுதான். ஒன்று அறுந்ததற்கு எல்லாமே படுத்துக்கொண்டன. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்கப் பாயிண்ட் சார் மேஜை மேஜையாகக் கீழே தவழ்ந்தார். பெண் ஊழியர்கள் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்கள். கடைசி மேஜைக்கடியிலிருந்து தலை முழுக்க ஒட்டடையோடு வெளியே வந்தார். முகத்தில் புத்தருக்கு வந்தது போல ஒரு வெளிச்சம்.

அன்று மாலை விழுப்புரம் ஸ்டேஷன் நடைமேடையில் அந்த வெளிச்சத்தை எனக்கு விளக்கினார்.

"தம்பி, இந்த ஸ்டேஷனப் பாரு. சென்னைக்கு ஒரு லைன். திருச்சிக்கு ஒரு லைன். காட்பாடிக்கு ஒண்ணு, பாண்டிக்கு ஒண்ணு, மாயவரத்துக்கு ஒண்ணு. எல்லாம் இங்க வந்து சேருது. காட்பாடி லைன்ல மாடு படுத்துக்கினா காட்பாடி வண்டி மட்டுந்தான் நிக்கும். பாண்டி வண்டி அது பாட்டுக்குப் போயிக்கினு இருக்கும். நம்ம ஆபீஸ்ல அந்தாளு இன்னா பண்ணான்? எல்லா ஊரையும் ஒரே லைன்ல கட்டிட்டான்."

"அதுக்கு இப்ப இன்னா சார் பண்றது?"

"ஆபீஸ்ல ஒண்ணும் பண்ண முடியாது. நான் வீடு கட்டச்சொல்ல பார்."

அவர் வீடு கட்டியது அதற்குச் சில வருஷங்கள் கழித்து, திண்டிவனத்தில் மயிலம் போகிற சாலைப் பக்கம் புதிதாகப் பிரித்த மனையில். அப்போது அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதையும் அவர் மகள் கயல்விழி பள்ளிக்கூடப் பாடத்துக்கு உபயோகித்த நேரத்தைவிட, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்த நேரம்தான் அதிகம். அந்த ஒரு கம்ப்யூட்டருக்காக வீடு முழுக்க, அறைக்கு அறை, சுவருக்குள் கேபிள் போடப் போகிறேன் என்று அறிவித்தார்.

வீட்டு வரைபடத்தை என்னிடம் காட்டினார். மற்றவர்கள் வரைபடத்தில் கதவு, ஜன்னல், சமையல் மேடை இருக்கும். அவருடையதில் அதெல்லாம் பென்சிலில் மங்கலாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சதுரம், அதில் 'விழுப்புரம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதிலிருந்து கோடுகள். ஹாலுக்குச் சென்னை. சமையலறைக்குக் காட்பாடி. படுக்கையறை மாயவரம். மாடியில் கயல்விழியின் அறை திருச்சி. மொட்டைமாடி அறை பாண்டிச்சேரி.

அவர் மனைவி செண்பகம் அக்கா வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாடி ரூமுக்கு மட்டும் எதுக்கு பாண்டிச்சேரின்னு பேரு? அங்க இன்னா நடக்கப் போவுது?"

"காத்து நல்லா வரும்னு வச்சேன்."

"வரும், வரும். எந்தக் காத்து வருதுன்னு நானும் பார்க்கிறேன்."

அக்காவின் நிஜமான கோபம் பாண்டிச்சேரி மேல் இல்லை, விழுப்புரத்தின் மேல்தான். மாடிப்படிக்குக் கீழே அவர் அரிசி மூட்டையும், ஊரிலிருந்து வரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையும் வைப்பதாக மனதுக்குள் எப்போதோ பட்டா போட்டு வைத்திருந்தார். அந்த இடத்தில் ஒரு பெட்டி உட்காரப் போகிறது, கூடவே ஒரு சின்ன ஃபேனும் வேண்டும் என்று தெரிந்ததும் சண்டை வெடித்தது.

"மனுசங்க சாப்பிடற அரிசி வெளிய கெடக்கும். ஒயருக்கு ஃபேன் போட்டு உக்கார வைப்பீங்க. அப்படித்தான?"

"செண்பகம், ஒரு பாயிண்ட்டு சொல்றேன் கேளு. அரிசிய எங்க வேணா நகர்த்தலாம். சுவர நகர்த்த முடியாது."

"உங்கள நகர்த்தலாம்" என்றார் அக்கா. நான் விடைபெற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிறுக்கு என்றாலும் அவருடைய கிறுக்கில் ஒழுங்கு இருந்தது. தளம் போடுவதற்கு முன்பே கம்பிக்கு நடுவே பைப் போய்விட வேண்டும் என்றார். கரண்ட் ஒயர் ஓடும் பைப் வேறு, இது வேறு, இரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கேட்கும் என்றார். மூலை திரும்பும் இடத்தில் பைப்பை ஒடிக்காமல் மெதுவாக வளைக்கச் சொன்னார். இன்றைக்குக் கேபிள் இழுக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே ஒரு நூலாவது போட்டு வை, நாளைக்கு எது கண்டுபிடித்தாலும் நூலில் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்றார். பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தார். சுவருக்குப் பக்கத்தில் கயல்விழியை நிறுத்தி எடுத்தார். பைப் எந்த உயரத்தில் போகிறது என்று தெரிவதற்காம். அந்த போட்டோக்களை அக்கா வீட்டு ஆல்பத்தில் ஒட்டியிருந்தார். செங்கல்லுக்கு முன்னால் ஒரே மாதிரி விறைப்பாக நிற்கும் பெண்ணைப் பார்த்து, "புள்ளைய எதுக்கு போலீஸ்ல போட்டோ எடுத்தாங்க?" என்று உறவினர்கள் கேட்டார்கள்.

வீடு கட்டிய மேஸ்திரி ஏழுமலை ஒலக்கூர்க்காரர். வேலையில் கெட்டிக்காரர், வாயில் அதைவிட. தளம் போடும் அன்று கம்பிகளுக்கு இடையில் ஓடிய பைப்புகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இது வீடா, வீணையா? எங்க கால வைக்கிறதுன்னே தெரியல."

"மிதிச்சிடாத மேஸ்திரி, அது காட்பாடி."

"பேஜாரா போச்சி சார். காலைலேர்ந்து மாயவரத்த மிதிக்காத, திருச்சிய மிதிக்காதன்னா நான் பறந்துக்கினா கான்கிரீட் போடறது?"

பாயிண்ட் சார் அசையவில்லை. கான்கிரீட் விழும் இடத்திலெல்லாம் பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு நகர்ந்தார். சாயங்காலம் இறங்கியபோது மனிதருக்கும் தளத்துக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை.

அப்படியும் ஒரு விபத்து நடந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தோம். நான்கு ஊர்களுக்கும் கேபிள் போய்விட்டது. காட்பாடி மட்டும் வரவில்லை. உள்ளே போட்டிருந்த நூல் அறுந்திருந்தது. ஏழுமலை உளியோடு வந்தார். "சொல்லுங்க சார், சுவர ஒடச்சிடறேன்." புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். பாயிண்ட் சார் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பைபாஸில் லாரிகளுக்குப் பஞ்சர் போடும் கடைக்காரரைக் காற்றடிக்கும் மிஷினோடு ஒரு டெம்போவில் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு பஞ்சு உருண்டையில் மெல்லிய நூலைக் கட்டிப் பைப்பின் வாயில் வைத்தார். பின்னாலிருந்து காற்றை விட்டால் பஞ்சு நூலை இழுத்துக்கொண்டு மறுமுனையில் வெளியே வரும் என்பது கணக்கு. பஞ்சர்க்காரருக்கு லாரி டயர்தான் பழக்கம். அந்த வேகத்திலேயே திறந்துவிட்டார்.

ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சமையலறையிலிருந்து ஓர் அலறல். நாங்கள் ஓடினோம். மறுநாள் விருந்துக்கு வந்திருந்த சமையல்காரர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்காக அடுப்பில் கொதித்த சாம்பாரின் நடுவில் பஞ்சு உருண்டை மிதந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு நூல் அழகாகக் கிளம்பிச் சுவர் ஓட்டைக்குள் போனது.

"காட்பாடி வந்துடிச்சி!" என்று பாயிண்ட் சார் கூவினார். செண்பகம் அக்கா சாம்பாரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கொல்லைப்பக்கம் போய்விட்டார். புது சாம்பார் வைக்கப்பட்டது.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை; ஓட்டைகளைத்தான் பார்த்தார்கள். "இதுல இன்னா மாட்டுவீங்க?" "இது எறும்பு போறதுக்கா?" "சமையல் ரூம்ல எதுக்குப்பா? இட்லி வெந்துச்சான்னு கேக்கறதுக்கா?" பாயிண்ட் சார் எல்லோருக்கும் விழுப்புரம் ஜங்ஷனை விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப்போனார். மாடிப்படிக்குக் கீழே பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த ஜங்ஷன் பெட்டியை, மேல்மலையனூரிலிருந்து வந்திருந்த அக்காவின் சித்தி பயபக்தியோடு பார்த்தார். யாரும் கவனிக்காத சமயத்தில் அதற்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சாத்தி, கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார். நல்லவேளையாகக் கற்பூரம் கிடைக்கவில்லை.

அப்புறம் வந்தவை வறட்சியான வருஷங்கள். ஐந்து ஊர்களுக்கும் தண்டவாளம் தயார். ஓட வண்டிதான் இல்லை. திண்டிவனத்தில் அன்றைய இன்டர்நெட்டில் ஒரு போட்டோ திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். பிறகு வேகம் வந்தது. ஆனால் கூடவே காற்றில் வரும் இணைப்பும் வந்துவிட்டது. சின்னதாக ஒரு பெட்டி, அதற்கு இரண்டு கொம்பு, ஒயரே வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் அதுதான். ஆபீசில் அவரைப் பார்க்கிறவர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். கயல்விழியே அந்தக் கொம்புப் பெட்டியை வாங்கி வந்து, வெளி லைன் வந்து சேரும் ஜங்ஷன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பாயிண்ட் சார் அதைத் தடுக்கவில்லை. தினமும் துணியால் தன் பெட்டியை மட்டும் துடைத்தார். "எந்த லைனும் இல்லாம வர்றது எந்த நேரம் எங்க போவும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். குரலில் பழைய வேகம் இல்லை. விரல்கூடப் பாதி உயரம்தான் எழுந்தது.

கயல்விழி படித்து முடித்துச் சென்னையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்கு உயிர். வரன் பார்க்க ஆரம்பித்தபோது முதலிலேயே சொல்லிவிட்டாள். "வேலைய விடச் சொல்ற எடம் வேணாம்ப்பா." அந்தக் காரணத்தாலேயே இரண்டு மூன்று இடங்கள் தட்டிப்போயின. அக்கா உள்ளுக்குள் கரைய ஆரம்பித்திருந்தார். அப்போது விழுப்புரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் இன்ஜினியர். சென்னையில் வேலை, ஆனால் கம்பெனி அவனைக் கொஞ்ச காலத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. பெற்றோர் நேரில் வந்து பெண் பார்ப்பது, பையன் அங்கிருந்தே வீடியோவில் பார்ப்பது, பேசுவது என்று ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹால் கொள்ளாத கூட்டம். பையனின் அக்கா புருஷன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள். தன் லேப்டாப்பை ஹால் நடுவில் முக்காலியில் வைத்துத் திறந்தார். பாயிண்ட் சார் கையில் ஒரு கேபிளோடு பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ள, பக்கத்துலயே பாயிண்ட்டு கீது. மாட்டிடட்டா?"

"இந்தக் காலத்துல யாருங்க ஒயர் மாட்டுறாங்க? வைஃபை போதுங்க, மாமா."

கூட்டம் சிரித்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் வாதம் வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினார். பாயிண்ட் சார் கேபிளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பையன் திரையில் வந்தான். களையான முகம். வணக்கம் சொன்னான். சொன்ன கை அப்படியே நின்றுவிட்டது. வந்திருந்த இளசுகள் ஒவ்வொருவரும் கயல்விழியின் கொம்புப் பெட்டியில் தங்கள் போனைக் கோத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் நின்று, ஓடி, மறுபடி நின்றது. ஒருமுறை பையன் தும்மப் போகிற நேரத்தில் நின்றுவிட்டது. மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி வெகுநேரம் இருந்தான். "கொஞ்சம் மாறுகண்ணோ?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

மேல்மலையனூர்ச் சித்தியின் தலைமையில் எல்லோரும் பையனைக் கேள்வி கேட்டு முடித்தபின் கயல்விழி நேராகக் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

பையனின் குரல் தெளிவாக வந்தது. "கல்யாணம் ஆனா வேலைய விடணும்..."

படம் நின்றது. குரலும் நின்றது.

கயல்விழி ஒரு கணம் திரையைப் பார்த்தாள். எழுந்தாள். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள். பையனின் அம்மா, "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லியே" என்று தவித்தார். பையனின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. பையனின் அக்கா புருஷன் லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்று காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து அந்த விரல் எழுந்தது. முழு உயரத்துக்கு.

"ஒரு பாயிண்ட்டு! பாதி பேச்சக் கேட்டுக்கினு யாரும் எந்திரிக்கக் கூடாது. கயலு, எறங்கி வா. சம்பந்தி, உக்காருங்க."

அந்தக் குரலை நான் ஆபீசில்கூடக் கேட்டதில்லை. சம்பந்தி உட்கார்ந்துவிட்டார். பாயிண்ட் சார் மாடிப்படிக்குக் கீழே குனிந்து கொம்புப் பெட்டியின் உயிரை நிறுத்தினார். வீட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளசுகள் "அய்யய்யோ" என்றார்கள். ஹாலுக்கு வந்து லேப்டாப்பை வாங்கி முக்காலியில் வைத்தார். கையிலிருந்த கேபிளின் ஒரு முனையைச் சுவரில் மாட்டினார், மறுமுனையை லேப்டாப்பில். 'டக்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவு கூட்டத்திலும் கேட்டது.

பையன் திரையில் மறுபடி வந்தான். அசைந்தான். கண் இமைத்தான். மாறுகண் இல்லை.

"தம்பி, சித்த முன்னாடி சொன்னீங்களே, அத முழுசா சொல்லுங்க" என்றார் பாயிண்ட் சார்.

"அதாங்க மாமா, கல்யாணம் ஆனா வேலைய விடணும்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்னு சொன்னேன். எங்க அம்மாவே சொன்னாலும். அவங்க படிச்ச படிப்புக்கு... ஏன், லைன் கட் ஆயிடிச்சா?"

ஹாலில் எழுந்த சத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. பையனின் அம்மா, "நான் எப்படா சொன்னேன்?" என்று கத்தியபடியே அழுதார். சித்தி குலவையிட்டார். மாடிப்படியில் பாதியில் நின்ற கயல்விழி அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊர்வலம். கயல்விழி பையனோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாயிண்ட் சார் முன்னால் போனார். மாடியில் திருச்சியில் மாட்டினார். விளக்கு எரிந்தது. அவள் பேசி முடித்ததும், பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வேண்டும் என்றார் அக்கா. அவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்ததால் காட்பாடியில் மாட்டினார். உடம்பு சரியில்லாமல் படுக்கையறையில் படுத்திருந்த பையனின் பெரியப்பா, "என்னிய மட்டும் உட்டுட்டீங்களே" என்றார். மாயவரம். இளசுகள் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய வேண்டும் என்றார்கள். பாண்டிச்சேரி. எந்த அறையிலும் படம் ஒரு நொடி நிற்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் மாட்டுவதற்கு முன் பாயிண்ட் சார் மைக்கில் பேசுவது போல மூக்கால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அறிவித்தார். பையனின் அக்கா புருஷன் கேபிளைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். "மாமா, எல்லா ரூமுக்கும் தனித்தனி லைனா? கட்டும்போதே போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

பதிலைச் சொன்னது செண்பகம் அக்கா. பஜ்ஜித் தட்டோடு வந்தவர், பையனின் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆமாங்க. வீடு கட்டச்சொல்லவே நாங்க யோசிச்சிப் போட்டது. மத்தவங்க சிரிச்சாங்க. நாங்க உடல."

அந்த 'நாங்க' பாயிண்ட் சாரின் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். மனிதர் கையில் எடுத்த பஜ்ஜியைக் கடிக்க மறந்து நின்றார். விரலைத் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிளகாய் காரம் என்றார். அது வாழைக்காய் பஜ்ஜி.

அன்று அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். கயல்விழி இன்றும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறாள். இப்போது அவளுக்குக் கீழே பத்து பேர். திண்டிவனத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் அடுத்த மாதமே வரிசையாகப் பாயிண்ட் சார் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கூட்டி வந்தது மேஸ்திரி ஏழுமலை. "சார் வீட்ல நாந்தான் போட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாயிண்ட் சார் அதை மறுக்கவே இல்லை.

அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, நான் விழுப்புரத்தில், கெடார் போகிற சாலைப் பக்கம், சின்னதாக ஒரு வீடு கட்டினேன். தளம் போடும் நாளை அவரிடம் சொல்லவில்லை. வெயில் காலம், வயதானவர், எதற்கு அலைய வேண்டும் என்றுதான். யார் போய்ச் சொன்னார்களோ, காலையில் கான்கிரீட் கலக்க ஆரம்பித்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதன் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு பிவிசி பைப்புகள். நடுவில் அவர்.

"யோவ், நிறுத்துங்கய்யா!" என்று ஆட்டோவிலிருந்தே சத்தம் போட்டார். "யாரக் கேட்டு போடறீங்க? இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டு மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பாயிண்ட் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். மத்தியானம் வரை அவர் குரல்தான் தளத்தின் மேல் கேட்டது.

சாயங்காலம் வேலையாட்கள் கைகால் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். செங்கல் அடுக்கின் மேல் இருவரும் உட்கார்ந்து மோர் குடித்தோம். கடைசி வாயைக் குடித்துவிட்டு, "வர்றேன் தம்பி, வண்டிக்கு நேரமாச்சி" என்று எழுந்தார்.

"அடுத்த வண்டிக்குப் போலாம், கொஞ்ச நேரம் இருங்க சார்" என்றேன். அவர் பார்க்க வேண்டிய வேலை எதுவும் அங்கே மிச்சம் இல்லை.